கோழி இரைப்பை காணாமல்போன விருந்து

முரேவா,
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி செஞ்சராய்க்கு,

அண்ணன் ஜெகோனியா எழுதுவது. ஹராரேயில் நீயும் உன் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். இங்கே ஆடுமாடுகள் நலம். மனிதர்கள் நலமில்லை. காரணம் நீ.

"நம் நாட்டுப் பாரம்பரிய உணவு, கிராமத்து வீட்டிலேயே" என்று உன் சுற்றுலாக் கம்பெனி போட்ட விளம்பரத்தை நம்பி, இங்க்ரிட் என்ற டென்மார்க்குப் பெண் நேற்றுக் காலை வந்து இறங்கினாள். நாங்கள் டீயில் ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தோம். அதைப் பார்த்ததும் அவள் முகம் தொங்கிப்போய்விட்டது. உன் அண்ணி எஸ்தர் ரொட்டியை ஒளித்துவிட்டு, களி கிண்டக் கேழ்வரகு கேட்டு வீடுவீடாக அலைந்தாள். புழு வறுவலுக்கு நான் டவுனுக்கு ஓடி, கடையில் பாக்கெட் வாங்கிவந்தேன். "நீங்களே மரத்துலேர்ந்து பொறுக்கினதா?" என்று கேட்கிறாள். "ஆமாம்மா, விடியக்காலைல" என்றேன். எல்லாம் உன் மானத்துக்காக.

அது போகட்டும். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த என் மகள் ருவாவை அழைத்துப்போக மாப்பிள்ளை ஷிங்காய் வந்ததும் நேற்றுதான். அவன் முன்னால் கோழியை ஒரு துண்டு குறையாமல் வைக்கவேண்டும், அதிலும் மற்ற நாளில் வீட்டுத் தலைவனுக்குப் போகும் இரைப்பை அன்று மாப்பிள்ளைக்குத்தான் என்ற நம் வழக்கத்தை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாப்பிள்ளை குழம்பைக் கிண்டினான். கழுத்து வந்தது, கால் வந்தது. மறுபடி கிண்டினான்.

"ஏன் மாமா, இந்தக் கோழி இரை எடுக்காமலே வளந்துச்சா?"

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அடுப்படியில் இங்க்ரிட் எதையோ மென்றபடி படம் எடுத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. "விருந்தாளிப் பொண்ணு தெரியாம தின்னுடுச்சு மாப்ள" என்றேன். "அப்ப அவங்களையே மாப்பிள்ளையா வெச்சுக்குங்க" என்று கையைக் கழுவிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். அதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து அந்தப் பெண் கைதட்டினாள். என் மகள் வாழ்க்கை போச்சேடா! உடனே புறப்பட்டு வந்து மாப்பிள்ளை காலில் விழு. இனி ஒரு பயணியைக்கூட என் வாசலுக்கு அனுப்பாதே.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்கு இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
வயிறெரியும் அண்ணன்
ஜெகோனியா

பி.கு.: நீ வரவேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது ருவா வந்து நின்றாள். "அப்பா, அவங்க தின்னது ஈரல். இரைப்பைய நான்தான் தின்னேன். அவரு எனக்காக வர்றாரா, கோழிக்காக வர்றாரான்னு பாக்கணும்ல?" நான் திட்ட வாயைத் திறப்பதற்குள் வாசலில் மாப்பிள்ளை, கக்கத்தில் உயிர்க்கோழியோடு. "இதோட இரைப்பை ருவாவுக்கே இருக்கட்டும் மாமா. ஆள மட்டும் அனுப்புங்க" என்றான். இருவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் இதையெல்லாம் உன் அண்ணி பார்த்துவிட்டாள். இனி இந்த வீட்டுக் கோழியின் இரைப்பை அவளுக்குத்தானாம். "வெளிநாட்டுக்காரங்க யாராவது வந்தா மட்டும் பாரம்பரியப்படி உங்களுக்கு வெக்கிறேன்" என்கிறாள். ஆகவே தம்பி, அடுத்த பயணியைச் சீக்கிரம் அனுப்பு. முடிந்தால் வாரம் ஒருவர்.