இருபத்துநாலு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்

கணினித் திரை வாங்கப் போய், கடைக்காரனையும் கூடப் போனவனையும் பஸ்ஸுக்கு நின்ற சனத்தையும் ஒரே நேரத்தில் கிறுக்காக்கிய மனுசன் இந்த நாட்டிலேயே ஒருத்தர்தான். புத்தளத்துக்குப் பக்கத்தில் முந்தலில் இருக்கிறார். சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. சில்லு நானா என்றால் நாய்கூட வழி காட்டும்.

இறால் வளர்க்கிறவர். குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்க ஒரு சில்லு சுற்றிக்கொண்டே இருக்கும். அது நின்றால் இறால் மூச்சு முட்டிச் செத்துவிடும். போன முறை நோய் வந்து எல்லாம் நாசம். இந்த முறையும் போனால் குளத்தை மூட வேண்டியதுதான். அதனால் மனுசன் சில்லை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். கலியாணப் படத்தில்கூடப் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, குளம் இருக்கிற பக்கம் பார்க்கிறார்.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் ஐந்து பேர் டீமில் முதல் துப்பாக்கி. காவல் குடிலில், குளம் தெரிகிற ஜன்னலுக்கு முன்னால் கணினியை வைத்து, இணையத்தில் சுடுகிற விளையாட்டு ஆடுவார். பெரிய போட்டி நெருங்கும்போது அவருடைய பழைய திரை செத்துப்போனது. புதுசு வாங்க என்னைப் புத்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரன் முப்பத்திரண்டு அங்குலத்தைக் காட்டினான். நான் வைத்திருக்கிற அதே எருமை. மூலையில் எதிரி நின்றால் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். நானா அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார்.

"கையைச் சுத்துங்க தம்பி. நிப்பாட்டச் சொல்ல மாட்டன். நீங்களா நிப்பாட்டணும்."

என்னத்துக்கு என்று கேட்டேன். காதில் ஹெட்செட் இருந்தால் சில்லுச் சத்தம் கேட்காதாம், கண்தான் காவலாம், நான்தான் இப்போது சில்லாம்.

பட்டப்பகலில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் சுற்றிக்கொண்டு நின்றேன். ஒரு உம்மா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். ஒரு பெரியவர் எனக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி ஓதத் தொடங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கடையைக் கொளுத்தியிருப்பேன்.

முப்பத்திரண்டுக்குப் பின்னால் நான் முழுதாக மறைந்துபோனேன். இருபத்தேழுக்கு ஒரு கைதான் தெரிந்ததாம். இருபத்துநாலில் முழுச் சில்லும் தெரிந்தது. அதிலும் ஒன்று செக்கனுக்கு அறுபது தரம் படம் மாற்றுவது, மற்றது நூற்றெண்பது தரம். இரண்டிலும் விளையாட்டைப் போட்டு, துப்பாக்கியை இடமும் வலமும் வீசிப் பார்த்தார். அறுபதில் சுவர் பிசைந்த மா மாதிரி இழுபட்டது. குளத்தைப் பார்த்துவிட்டுக் கண் திரும்பி வரும்போது எதிரி தெளிவாக நிற்க வேண்டும் என்று சொல்லி நூற்றெண்பதைத் தூக்கினார்.

போட்டி வந்தது. கொழும்புப் பொடியன்மாரோடு கடைசி ரவுண்ட். வென்றால் அடுத்த போட்டியைச் சனத்துக்கு முன்னால் மேடையில் ஆடலாம். நாங்கள் நாலு பேரும் செத்துவிட்டோம். நானா ஒருத்தர், எதிரி ஒருத்தன். அவருடைய துப்பாக்கி அவன் வரப்போகிற கதவைப் பார்த்து நிற்கிறது.

திடீரென்று ஹெட்செட்டில் கதிரை விழுந்த சத்தம். பிறகு ஓட்டம். பிறகு தொப்பென்று தண்ணீர்.

கொழும்புக்காரன் உள்ளே வந்தான். நானா அசையவில்லை. இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று பயந்து அந்த மடையன் அவரை மூன்று சுற்றுச் சுற்றினான். பிறகுதான் சுட்டான்.

ஏசுவதற்கென்றே குளத்துக்குச் சைக்கிளை மிதித்துப் போனேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று, சில்லில் சிக்கின வலையை வெட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் ரத்தம்.

"தோத்திட்டமா தம்பி?"

"ஓம்."

"மன்னிப்புக் கேக்கிறன் தம்பி. இறால் உசிரோட இரிக்கி."

திரையில் உயிர் போகிற சண்டை நடக்கும்போது, அதன் ஓரத்தால் ஒரு சில்லு நின்றதைக் கண்டு எழும்பி ஓட எந்த மனுசனால் முடியும்? ஏச வந்தவன் இறங்கி வலையைப் பிடித்தேன்.

அடுத்த போட்டிக்கு நானாவைத் தூக்கிவிட்டு, குளம் குட்டை இல்லாத ஒருத்தனைப் போடுவோம் என்று டீமில் ஒருவன் சொன்னான்.

அவனைத் தூக்கினோம்.