சீமாட்டியின் கர்ப்பப்பை குறித்து மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் எழுதுவது. நானும் உங்கள் பிள்ளையும் சுகம். நம் நாய் சீமாட்டியின் சுகத்தைச் சொல்வதற்கு முன் எங்கள் சுகத்தைச் சொன்னதற்கு மன்னிக்கவும். அங்கே நாத்தனாரும் பிறந்த குழந்தையும் நலம் என்று நம்புகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நான் "கர்ப்பப்பை" என்றதுமே, "பொம்பளைங்க விஷயத்த அத்தைகிட்டப் பேசும்மா" என்று போனைக் கைமாற்றினீர்கள். அத்தையோ, "நாய் விஷயம்னா மாமாகிட்டப் பேசு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது சுற்றில் என் போனில் சார்ஜ் தீர்ந்தது.

விஷயம் இதுதான். சீமாட்டியின் வயிறு பெருத்ததைப் பார்த்துப் பூரித்துப்போய், ஊருக்குக் கிளம்பும் முன் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினீர்களே, முதல் ஆண்குட்டி உங்கள் ஆபீஸ் மேலாளருக்கு, அடுத்தது மேலாளரின் மைத்துனருக்கு, பெண்குட்டி பிறந்தால் பாவம் குமாஸ்தாவுக்கு என்று, அதில் ஒரு குட்டிகூட அந்த வயிற்றில் இல்லை மாமா. ஒரு வாரமாக அவள் சாப்பிடவில்லை, பாத்திரம் பாத்திரமாகத் தண்ணீர் குடித்தாள், மிதியடியிலேயே மூத்திரம் போனாள், "மசக்கைன்னா அப்படித்தான்" என்று நீங்கள் சொன்னதால் நானும் துடைத்துக்கொண்டே இருந்தேன், இன்று காலை அவள் எழுந்திருக்கவே இல்லை, போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "குட்டி இல்லம்மா, கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அதோட வாய் மூடிக்கிட்டதால வெளிய வரல. உடனே கர்ப்பப்பைய எடுக்கணும், இல்லன்னா உள்ளேயே வெடிச்சிரும்" என்றார்.

"எடுத்துட்டா குட்டி?" என்று உங்கள் சார்பில் கேட்டேன்.

"நாய் பொழைக்கும்" என்றார்.

"அது சரி டாக்டர், குட்டி?"

முறைத்தார். "முன்னாடி பருவத்தத் தள்ளிப்போட ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?"

"மாமா போட்டாங்க. மேலாளர் லீவு எடுக்கிற மாசமாப் பாத்துக் குட்டி பொறக்கணும்னு."

"அதாலயும் இது வந்திருக்கலாம். சரி, மூணு தடவ சேத்தும் தங்கலன்னீங்களே, அந்த ஆண் நாயைச் சோதிச்சீங்களா?"

"அது மேலாளர் வீட்டு நாய்."

"அதனால?"

"ஆம்பள நாய்."

"அதனால?"

நம் வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை மாமா. நான்கு வருடத்தில் எனக்கு ஆறு ஸ்கேன், கைப்பிடி கைப்பிடியாக மாத்திரை. உங்கள் பிள்ளையிடமிருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட யாரும் எடுத்ததில்லை. சாப்பிடும்போது சீமாட்டியை "மலட்டு நாய்" என்று நீங்கள் திட்டுவீர்கள். அவள் இருப்பது மேசைக்குக் கீழே. நீங்கள் பார்ப்பது என் தட்டை.

ஆஸ்பத்திரித் தாளில் சம்மதக் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டுப் பெரியவர் சொல்லாமல் அவள் வயிற்றில் கத்தி வைக்கச் சொல்ல நான் யார்? ஆகவே, தயவுகூர்ந்து ஒரு வரி அனுமதி எழுதி அனுப்பவும். எனக்காக வேண்டாம், அந்த வாயில்லா ஜீவனுக்காக.

அத்தைக்கு வணக்கம். பேரனுக்கு முத்தம். மேலாளரையும் அவருடைய நாயையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் தங்கள் சொல் தட்டாத
மருமகள்

பி.கு.: மேலே உள்ளதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "கடுதாசி போய், பதில் வர்ற வரைக்கும் இது தாங்காதும்மா" என்றார். கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். உறவு என்ன என்று கேட்ட இடத்தில் "ஓர்ப்படி" என்று எழுதினேன், ஒரே வீட்டு மருமகள்கள்தானே நாங்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டது. சீமாட்டி இப்போது உங்கள் நாற்காலியில் தூங்குகிறாள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த பட்டியலைக் கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் உங்கள் பிள்ளையின் பரிசோதனைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. சாப்பிட்டுவிட்டே போகலாமாம்.