பதினேழு பேரும் வேண்டாம் என்றார்கள்

எண்பத்து மூன்றாம் வருஷம், எங்கள் எஸ்டேட் இருக்கிற மலைமேல், பிரிஞ்சாங் ஊரில் தேயிலைக் கண்காட்சி. ஜப்பான்காரர், ஜெர்மன்காரர் எல்லாம் சரக்குப் பார்க்க வருகிறார்கள். அவர்களை வரவேற்க இந்த மலையிலேயே தகுதியான ஆள் தான் ஒருவர்தான் என்று என் வீட்டுக்காரர் சிங்காரம் கண்டுபிடித்துவிட்டார். தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு போடுகிறவர். வெள்ளைக்காரனை அவர் கிட்டத்தில் பார்த்தது காலண்டரில்தான்.

கண்காட்சியில் வந்தவர்களை நன்றாகக் கவனிக்கிற ஆளுக்கு, எஸ்டேட் ரோட்டோரம் திறக்கப்போகும் தேத்தண்ணிக் கடையில் நிரந்தர வேலை என்று மேனேஜர் துரை சொல்லியிருந்தார். மழையில் கொழுந்துக் கூடை சுமக்கிற எனக்கும் அந்த வேலைமேல் ஒரு கண். கைப்பிள்ளையைப் பக்கத்திலேயே தொட்டில் கட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

“துரை உன்னையும்தான் கேட்டாரு,” என்றார், ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியிடம் வாங்கிய இரவல் டையை இறுக்கிக்கொண்டே. “அவ கூச்சக்காரி, வாயே தெறக்கமாட்டான்னு சொல்லிட்டேன்.”

“நல்லதுங்க. எனக்கும் சேத்துத்தான் நீங்க தெறக்கிறீங்களே.”

“கிண்டலா? இங்கிலீஷ் படிக்கிறேன், சத்தம் போடாத.”

ஒரு வாரம் படித்தார். மொத்தம் ஒரே வரி. ‘தேத்தண்ணி வேணுமா சார்?’ என்பதற்கு இங்கிலீஷ். குளிக்கும்போதும் அதுதான். கோழிக்குத் தீனி போடும்போதும் அதுதான். கோழி பதில் சொல்லவில்லை.

“வந்தவங்கள வேணுமான்னா கேப்பாங்க?” என்றேன்.

“அது நம்ம லயத்து வீட்டுல. இது இண்டர்நேஷனல் கண்காட்சி லா!”

கண்காட்சி அன்று சோத்துத் தூக்கை மறந்துவிட்டுப் போனார். அரிசி மூட்டைக்குப் பின்னால் நான் வைத்ததை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார், பாவம். புருஷனைப் பசியோடு விடலாமா? பிள்ளை இடுப்பில், தூக்கு கையில். கூடவே கொஞ்சம் இஞ்சி, ஒரு பால் டின். லோரி ஏறிவிட்டேன்.

அங்கே நல்ல மழை. எங்கள் எஸ்டேட் பந்தலில் இவர் விறைத்து நின்றார். அழுக்காகிவிடுமாம், நாற்காலிகளை அடுக்கிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். ஒரு ஜப்பான்காரரும் அவர் மனைவியும் நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தார்கள். இவர் தன் ஒரு வரியைச் சொன்னார். ஜப்பான்காரர் மரியாதையாகக் குனிந்து, “நோ, தேங்க் யூ” என்றார். இவரும் குனிந்தார். கோப்பையை மூடிவைத்தார்.

“இதோட பதினேழு பேரு,” என்றார் என்னிடம், முகம் சுண்டி. “எவனுக்குமே தேத்தண்ணி புடிக்கல.”

கேட்டால் வேண்டாம் என்றுதானே சொல்வார்கள்? சம்பந்தி வீட்டில் நாமே அப்படித்தானே சொல்கிறோம்?

“புள்ளய கொஞ்சம் புடிங்க, சோறு போடறேன்,” என்றேன். பிடித்தார்.

நாற்காலிக் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டை இழுத்துப் போட்டேன். அந்தம்மா கையில் முதலில் ஒரு கோப்பை வெந்நீர், குளிர் விடட்டும் என்று. பிறகு இஞ்சி தட்டிப் போட்டு, பால் ஊற்றித் தேத்தண்ணி. கேட்கவில்லை, நீட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கூச்சம். ஒரு வாய் குடித்த அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் காலிக் கோப்பையை நீட்டினார். அதைப் பார்த்து ஒரு ஜெர்மன்காரர் உட்கார்ந்தார். அப்புறம் நாற்காலி போதவில்லை. துரையே தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் குடித்தார். எழுந்தவர், “திங்கக்கெழம கடைக்கு வந்துடு” என்றார், என்னைப் பார்த்து. தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும் லோரியில், இவர் மடியில் பிள்ளை டையைச் சப்பிக்கொண்டு வந்தது.

“என் வேலையப் புடுங்கிட்டியே! துரைகிட்ட அப்படி என்னடி சொன்ன?”

“நான் எங்கங்க சொன்னேன்? நீங்க அவருகிட்ட சொன்னபடியே, வாயே தெறக்கலியே.”