இரண்டு காதும் தெரிய வேண்டும்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் அனைவரும் நலம். வழக்கமாக இந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். இந்த முறை வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டு எழுதுகிறேன். முதல் மாடியில் ஒருவருக்குக் கழுத்துப் பிடிப்பு, மற்றபடி நலம்தான்.

போன செவ்வாய்க்கிழமை போனில் நீ கேட்டாயே, "அந்தக் கட்டிடத்துக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு, எதிர் வீட்டுல யாரு இருக்காங்கன்னாவது தெரியுமாண்ணா? பொண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனதும் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே. பேசாம இங்க வந்துடு, மாடி ரூம் சும்மாதான் கிடக்கு" என்று. சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே பத்தாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். காலையில் வந்து சேர்வேன், மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல். ஆனால் உன் போனால் இங்கே என்ன நடந்தது என்பதை நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டும். எல்லாம் உன்னால்தான்.

ஆறாம் மாடியில் ஒரு போட்டோக்காரப் பெண் இருக்கிறாள். எங்கள் கட்டிடம் எட்டு மாடி, மாடிக்கு ஆறு வீடு. வீட்டுக்கு ஒருவரை அவரவர் வாசலில் நிற்கவைத்துப் படமெடுத்து, கீழே லிஃப்டுக்கு எதிர்ச் சுவரில் வீட்டு எண்ணோடு மாட்டுவது, ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று ஏற்பாடு. என்னையும் எடுத்துக் கொண்டுவந்து காட்டினாள். வாய் லேசாகத் திறந்து ஒரு பல் தெரிந்தது. "இது செல்லாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். லைசென்ஸ் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் போட்டோ சரிபார்த்தவன் நான். முகம் நேராக, வாய் மூடி, பார்வை கேமராவில், இரண்டு காதும் தெரிய வேண்டும். பெரிய அதிகாரியின் மைத்துனரையே கண் சொருகியிருக்கிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ மிச்ச நாப்பத்தேழையும் நீங்களே ஒரு தடவை பாத்துக் குடுங்க அங்கிள்" என்று படக்கட்டை என்னிடம் வைத்துவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு படத்தின் முதுகிலும் வீட்டு எண் எழுதிய ஒட்டுச்சீட்டு. பசை நாளடைவில் படத்தை அரித்துவிடும், ஆபீசில் நாங்கள் பென்சிலால்தான் எழுதுவோம். அதனால் நாற்பத்தேழு சீட்டையும் உரித்து, படங்களை அடுக்கிய அதே வரிசையில் மேஜை விளிம்பில் ஒட்டிவைத்துக்கொண்டு, பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து நீ போன் பண்ணினாய். எழுந்த வேகத்தில் படமெல்லாம் தரையில். நீ பேசிய முக்கால் மணி நேரமும் நான் மேஜையில் சாய்ந்தபடி ஊம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், சீட்டெல்லாம் முதுகுப் பக்கம் சட்டையில் ஒட்டிக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்? சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டேன், மகள் அதை மெஷினில் போட்டாள். வெளியே வந்தது வெறும் கூழ்.

படத்தைப் பார்த்து யார் எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடலாம் என்றால், எல்லா வாசலுக்கும் ஒரே பழுப்புக் கதவு, எண் பலகையை அவரவர் தலை மறைத்திருக்கிறது. கீழே காவலாளியிடம் சிலவற்றைக் காட்டினேன். "முகம் தெரியுது சார், வீடு தெரியாது" என்றார். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு படத்தைத் தொலைத்தவன் இல்லை நான். ஆக புதன்கிழமை காலை கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் மாடியிலிருந்து கதவைத் தட்ட ஆரம்பித்தேன்.

மீசை மாறும், முடி போகும், கண்ணாடி ஏறும், காது மட்டும் மாறாது என்பது எங்கள் ஆபீஸ் பாடம். அதனால் கதவைத் திறந்தவர்களின் காதைத்தான் முதலில் பார்த்தேன். ஒருவர் காது கேட்கும் மிஷின் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, வேண்டாம் என்று சைகையிலேயே சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். இரண்டாம் மாடியில் ஒரு அம்மா, நான் நீட்டிய படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இப்படிச் சிரிக்கிற ஆளு எங்க வீட்டுல யாரும் இல்லீங்களே" என்றார். பின்னாலேயே வந்து நின்றார் புருஷன், அதே காது. "ஏங்க, அந்தப் பொண்ணு என்ன சொல்லி உங்களைச் சிரிக்க வெச்சா?" என்று அந்த அம்மா கேட்க, அவர் திருதிருவென்று விழிக்க, நான் அவசரமாகப் பென்சிலால் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நழுவினேன். இன்னொரு பெண் படத்தை யாருக்குமே அடையாளம் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் ஐந்தாம் மாடி நர்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து முகக்கவசத்தோடு வந்து முகக்கவசத்தோடு போகிறவளை யார் முழுதாகப் பார்த்திருக்கிறார்கள்? காது மடலில் கயிறு அழுத்திய தழும்பை வைத்து நான்தான் கண்டுபிடித்தேன். "என்னை இங்க ஒருத்தர் அடையாளம் கண்டுபிடிச்சது இதான் முதல் தடவை" என்று சொல்லி, உட்காரவைத்து டீ கொடுத்தாள். மூன்று நாளில் பதினெட்டு டீ குடித்திருக்கிறேன், உன் வீட்டுக்காரர் டாக்டர் வேறு, அவரிடம் நீ இதைச் சொல்லாதே.

எதிர் வீட்டுக் கதவைக் கடைசியாகத்தான் தட்டினேன். ஏனோ அங்கேதான் அதிகக் கூச்சமாக இருந்தது. திறந்தவர் பல் டாக்டர். படத்தில் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். சும்மா இருக்காமல், "விதிப்படி வாய் மூடியிருக்கணுங்க" என்றேன். "வாயை மூடுங்கன்னு சொன்னா நான் எப்படிப் பொழைக்கறது?" என்றார். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவர், "உங்க படம் எதுங்க?" என்று கேட்டார். இல்லை, பத்தாம் தேதி தங்கை ஊருக்கே போகிறேன் என்றேன். "அட, இப்பத்தானே கதவைத் தட்டினீங்க?" என்றார். இரண்டு வருஷமாக எட்டடி தூரத்தில் இருந்திருக்கிறார் மனுஷன்.

நாற்பத்தேழும் பிழையில்லாமல் சேர்ந்துவிட்டன. சனிக்கிழமை சாயங்காலம் கட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன், ஒன்றும் நடக்காத மாதிரி. ராத்திரியே எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள், சுவரில் என் எண்ணுக்கு நேரே மட்டும் வெறும் ஆணி. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. போகட்டும், பத்தாம் தேதி வந்துவிடுகிறேன். அப்பா வழியில் நம் இருவருக்கும் வந்த விசிறிக் காதால் இந்த வாரம் முழுக்க உன்னை நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு. வீட்டில் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுமுன் ஞாயிற்றுக்கிழமை திறப்பும் நடந்துவிட்டது. படங்களின் பட்டியல் அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரில் முதலிலிருந்தே இருந்ததாம். சட்டையில் கூழைப் பார்த்த மகள் செவ்வாய்க்கிழமையே மேலே போய்ச் சொல்லிவிட்டாளாம். "அப்போ ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "மூணு மாசம் நான் கதவு தட்டினேன் அங்கிள், ஒருத்தரும் உள்ள கூப்பிடல. உங்களை உக்கார வெச்சு டீ குடுக்கறாங்க. அதான் கேமராவோட பின்னாலயே வந்துட்டேன்" என்கிறாள்.

வெறும் ஆணியில் இப்போது ஒரு படம் தொங்குகிறது. பல் டாக்டர் வீட்டு வாசலில் நான் நிற்கிறேன். வாய் திறந்திருக்கிறது, பார்வை கேமராவில் இல்லை, ஒரு காதுதான் தெரிகிறது. மூன்று குற்றம். இந்த முறை திருப்பிக் கொடுக்கவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

மாடி ரூமைப் பூட்டிவிட்டு நீங்கள் இருவரும் இங்கே வாருங்கள். கீழே காவலாளி எந்த வீடு என்று கேட்டால் எண்ணைச் சொல்லாதே, "காதுக்காரர் வீடு" என்று சொல், போதும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, தலைமுடியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக்கொண்டு நில்.