ஆஸ்டினுக்கு ஒரு முன்கண்ணாடி வேண்டும்

ஆர்ட்வெல் தோட்டம்,
பதுளை.
15-11-1962

என்றும் என் மதிப்புக்குரிய பெரிய மச்சான் கனகசுந்தரம் அவர்கட்கு, உங்கள் தங்கையின் கணவன் இரகுநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கதிர்காமக் கந்தன் கிருபையால் இங்கே நானும் யோகமலரும் சுகம். கார்தான் சுகமில்லை. கொழும்பில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாகவே இருப்பீர்கள் என்று நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயம் நீளமானது.

உங்கள் கடிதம் ஆயுத பூசைக்கு முந்தின வாரமே கிடைத்தது. பென்சன் எடுத்துக்கொண்டு தையில் ஊரோடு போகப்போவதாயும், போகுமுன் இங்கே வந்து தங்கச்சியைக் கூட்டிப்போய் யாழ்ப்பாணத்து வீட்டில் இருத்தப்போவதாயும், மகள் ஜெயமலரும் அங்கே போர்டிங்கில் படிக்கிறபடியால் தாயும் பிள்ளையும் ஒன்றாக இருக்கலாமென்றும், நான் ஒருவன்தானே, எப்படியும் சமாளித்துக்கொள்வேன் என்றும் எழுதியிருந்தீர்கள். இந்தக் குளிரிலும் மூடுபனியிலும் பேச ஆளில்லாமல் தங்கச்சி வாடிப்போனாள் என்று நீங்கள் எழுதின இடத்தில், அப்படியானால் நான் யார் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். நான் விடியப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் போனால் இருட்டின பிறகு வருகிறவன், வந்ததும் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடிக்கிறவன். நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். "அண்ணை கூப்பிடுறார், போகட்டே?" என்று அவளும் கேட்டாள். "போமன்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் தேங்காய் வந்தது.

எங்கள் தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் தொழிற்சாலை மெஷினில் தொடங்கி தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திவரைக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். என் பழைய ஆஸ்டினையும் கழுவி, மாலை போட்டு, கோயிலடியில் நிறுத்தியிருந்தேன். பெரிய கங்காணி மாரிசாமி என் மேலுள்ள பிரியத்தில், மற்ற வாகனங்களுக்கு உடைத்ததைவிடப் பெரிய தேங்காயாகத் தெரிந்தெடுத்து, தலைக்கு மேலே தூக்கி, காருக்கு முன்னாலிருந்த கல்லில் அடித்தான் பாருங்கோ, ஒரு பாதி அம்மன் பக்கம் போனது, மற்றப் பாதி எழும்பி வந்து முன்கண்ணாடியில் இறங்கியது. கண்ணாடி முழுவதும் கற்கண்டாகக் கொட்டிவிட்டது. மாரிசாமி தேங்காயைக் குனிந்து பார்த்து, "நல்லா ரெண்டா ஒடஞ்சிருக்குங்க ஐயா, இந்த வருசம் ஒரு கொறையும் வராது" என்றான். பக்தியோடு சொன்னவனை என்னென்று ஏசுகிறது?

பதுளையில் கேட்காத கராஜ் இல்லை. அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தினதிலிருந்து கார்க்கண்ணாடி என்ற சாமானை யாரும் கண்ணால் கண்டதில்லையாம். கடைசியில் கடைத்தெருவில் சாமிப் படங்களுக்குக் கண்ணாடி போடுகிற கந்தப்பனிடம் போய் நின்றேன். அவன் ஒரு பழைய கண்ணாடித் தகட்டைச் சாக்கிலிருந்து உருவி, "வெள்ளைக்காரத் தொரை பங்களா ஜன்னலுங்க. இந்த மாதிரிச் சரக்கு இப்ப எங்க தேடுனாலும் கெடைக்காதுங்க" என்றான். ஆஸ்டினின் கண்ணாடி வளைவு நெளிவு இல்லாத தட்டைக் கண்ணாடி என்பதால் அளவாக வெட்டிப் போட்டும்விட்டான். அவன் போடுகிற நேரம் நான் எதிர்க்கடைக்குச் சுருட்டு வாங்கப் போயிருந்தேன், தங்கச்சிதான் பக்கத்தில் நின்றாள். தீபாவளிச் சாமான் வாங்க அவளும் கூட வந்திருந்தாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நான் கார் வாங்கின நாள் முதல் உங்கள் தங்கச்சி பின்சீட்டில்தான். முன்சீட்டில் என் குடையும் தொப்பியும் வரும். அதுதான் மரியாதை என்று இருவரும் நினைத்திருந்தோம், அல்லது நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு மட்டும் அரிசி மூட்டையும் துணிப் பொட்டலங்களும் பின்சீட்டை நிறைத்துவிட்டதால் குடையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் ஏறவேண்டி வந்தது.

டவுனைத் தாண்டி மலை ஏறத் தொடங்கின பிறகுதான் கந்தப்பனின் சரக்கு தன் குணத்தைக் காட்டியது. என் பக்கத்துக் கண்ணாடியில் றோட்டு தண்ணீருக்குள் கிடக்கிறதுபோல நெளிந்தது. தந்திக் கம்பங்கள் இடுப்பை ஆட்டின. "பெரிய வளைவொண்டு வருது" என்று பிறேக்கை மிதித்தேன். "வளைவு எங்கை? றோட்டு நேராய்த்தானே கிடக்கு" என்றாள் அவள். "உமக்குக் கண் தெரியேல்லை" என்றேன் நான். இப்படியே வழிநெடுக இரண்டு பேரும் இரண்டு றோட்டில் போனோம். கடைசியில் என் கண்ணுக்குத் தெரிந்த ஒரு வளைவை நம்பி நான் திருப்ப, கார் தேயிலைக்குள் ஏறி நின்றது. அரிசி மூட்டை அவிழ்ந்துவிட்டது. இறங்கி அவள் பக்கம் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது: அவள் பக்கத்துப் பாதி பளிங்குபோலச் சுத்தம், அலை முழுவதும் என் பக்கத்துப் பாதியில்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். பெண்சாதி வழி சொல்லிக் கார் ஓட்டுவதா என்று அடுத்த நாள் தனியே எடுத்துக்கொண்டு போனேன். தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது மச்சான். றோட்டில் தோட்டத்துரை எதிர்ப்பட்டால் என்னைப்போன்ற கிளாக்கர் காரை ஓரங்கட்டி, இறங்கி, தொப்பியைக் கழற்றி நிற்கவேண்டும். சட்டம் ஒன்றுமில்லை, ஆனால் நிற்காத கிளாக்கரும் இல்லை. அன்றைக்கு எதிரே நெடுநெடுவென்று பெரிய தொப்பியோடு துரை வருவது தெரிந்தது. இறங்கினேன், தொப்பியைக் கழற்றினேன், தலையைக் குனிந்து "குட் மோர்னிங் சேர்" என்றேன். "எத்தன ராத்தலுங்க ஐயா?" என்று பதில் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் தலையில் ரொட்டிப் பெட்டியோடு பாண்காரன். காசு கொடுத்து ஒரு ராத்தல் பாண் வாங்கிக்கொண்டு ஏறினேன், வேறென்ன செய்கிறது? கொழுந்து நிறுக்கிற மடுவத்தடியில் போகும்போது நடு றோட்டில் ஒரு ஆடு நின்றது. கோன் அடித்தேன், விலகவில்லை. தலையை வெளியே நீட்டி, "அங்கால போ சனியனே" என்று கத்தினேன். ஆடு திரும்பிப் பார்த்தது. அதுதான் துரை.

என் கண்ணைப் பரிசோதித்துக் கடிதம் கொண்டு வரும்வரைக்கும் தோட்டத்து றோட்டில் நான் தனியே கார் ஓட்டக்கூடாது என்று துரை உத்தரவு போட்டுவிட்டார். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன், யோகமலர் முன்சீட்டில். டொக்டர் என் கண்ணில் ஒரு பிழையும் இல்லை என்றார். "அப்ப பாண்காரனைத் துரையெண்டும் துரையை ஆடெண்டும் ஏன் கண்டவர், கேளுங்கோ டொக்டர்" என்று யோகமலர் சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கோ. உங்கள் தங்கச்சி அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது மச்சான். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதிலிருந்து அவள் இல்லாமல் கார் கராஜை விட்டு வெளிக்கிடுவதில்லை. "இடது பக்கம் கொஞ்சம்... காணும்... மாடு வருது, பொறுங்கோ... இப்ப விடுங்கோ" என்று அவள் சொல்லச் சொல்ல நான் ஓட்டுகிறேன். கந்தோரில் எல்லாரையும் ஏவிப் பழகின எனக்கு இது முதலில் தொண்டையில் முள்ளாக நின்றது. வழி சொல்கிற வாய் சும்மா இருக்குமோ? நடுவில் மற்றக் கதைகளும் வரத் தொடங்கின. லயத்துக் கருப்பம்மாவின் மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்களாம், பாலத்தடி மரம் ஒன்று ஊதாப் பூவாய்க் கொட்டுகிறதாம், ஜெயமலர் தன் கடிதத்தில் எனக்கென்று ஒரு பக்கம் எழுதுகிறாளாம், நான் அதைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுகிறேனாம். இவ்வளவும் என் வீட்டில் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை மழை. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய அந்தப் பாலத்துக்கு வந்தோம். என் பக்கத்துக் கண்ணாடியில் பாலம் முறிந்து ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்தது. அவள் "நேரே விடுங்கோ" என்றாள். "யோகம், பாலம் இல்லை" என்றேன். "நான் இருக்கிறன், நேரே விடுங்கோ" என்றாள். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நேரே விட்டேன். அக்கரையில் ஏறினதும் காரை ஓரமாய் நிறுத்தினேன். பிறகு அவள் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து, மூடியில் ஊற்றி, முதலில் எனக்குத் தந்தாள்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், தையில் நீங்கள் தங்கச்சியைக் கூட்டிப்போய்விட்டால் எனக்கு வழி சொல்ல ஆளில்லை. சொன்ன சொல்லை நான் மாற்றவில்லை, அவள் போகட்டும். ஆனால் அதற்கு முன் கொழும்பில் எங்கே என்றாலும் தேடி, பழைய ஆஸ்டினுக்குப் பொருந்தும் நல்ல கண்ணாடி ஒன்றை வைக்கோல் சுற்றி, மலைநாட்டு ரயிலில் பார்சலாக அனுப்பிவைக்கும்படி மிகவும் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடி வந்த அன்றைக்கே அவளுக்கு ரயில் டிக்கட் எடுத்துவிடுவேன்.

மச்சாளுக்கு என் அன்பையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லுங்கள். கதிர்காமத்தான் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளையும் நேரான றோட்டுக்களையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மச்சான்
சி. இரகுநாதன்

பிற்குறிப்பு: மேலே கேட்ட கண்ணாடியை அனுப்பவேண்டாம். நேற்றுக் கடைத்தெருவில் கந்தப்பனைக் கண்டு நன்றாக ஏசினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "தட்ட கண்ணாடி தானுங்களே ஐயா. கழட்டி, உள்பக்கத்த வெளிப்பக்கமாத் திருப்பிப் போட்டா நல்ல பாதி ஐயா பக்கம் வந்துரும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேல" என்றான். இதை யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லி வந்துவிட்டேன். போ என்று சொன்ன வாயால் போகாதே என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான், அவள் இல்லாத வீட்டை நினைக்கவும் பயமாக இருக்கிறது. ஆகையால், கொழும்பு முழுவதும் தேடியும் கண்ணாடி கிடைக்கவில்லை, அரசாங்கம் இறக்குமதியைத் திறந்தால்தான் உண்டு என்று ஒரு கடிதம் எழுதிப்போடுங்கள். தங்கச்சியும் வாசிப்பாள், எழுத்துத் தெளிவாக இருக்கட்டும்.

அண்ணை, இவர் உறை ஒட்டப் பசை எடுத்துவரக் கந்தோருக்குப் போயிருக்கிறார், கடிதம் மேசையில் கிடக்குது, அதனாலை கெதியாய் எழுதிறன். கந்தப்பன் கண்ணாடி போடேக்கை, ஒரு பாதி தெளிவு, ஒரு பாதி அலை, தெளிவான பாதியை எந்தப் பக்கம் வைக்கிறது எண்டு என்னட்டைத்தான் கேட்டவன். நான் என்ரை பக்கத்தைக் காட்டினனான். அரிசி மூட்டையைப் பின்சீட்டிலை ஏத்தச் சொன்னதும் நான்தான். இவ்வளவு வருஷமும் பின்னாலை இருந்து இவரின்ரை பிடரியைத்தானே பார்த்துக்கொண்டு போனனான். இவர் சொன்னபடியே கண்ணாடி இல்லையெண்டு எழுதுங்கோ, எனக்குத் தெரியுமெண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. தையிலை என்னைக் கூப்பிட வரவேண்டாம். ஜெயமலரின்ரை லீவுக்கு நாங்கள் இரண்டு பேரும் காரிலேயே யாழ்ப்பாணம் வாறம். வழி நான் சொல்லுவன்.

யோகம்