புழு நீங்கிய புகைப்படம்

இனி எந்த ஆட்டுக்குட்டியின் குடலிலும் புழு இருக்கக் கூடாது என்று மேலிடம் தீர்மானித்துவிட்டது. புழுக்களை மட்டும் யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

ஆட்டுக்காரி பதினொரு குட்டிகளை ஓட்டிக்கொண்டு, பன்னிரண்டாவதை இடுப்பில் தூக்கிக்கொண்டு கால்நடை அலுவலகத்துக்கு வந்தாள். இடுப்பில் இருந்தது வயிறு உப்பி, கண் இமைக்குள் ரத்தமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. இன்றைக்கு மருந்து உள்ளே போகாவிட்டால் அது பிழைக்காது. அதற்காகத்தான் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றாள்.

அதிகாரியின் மேசையில் மருந்துப் புட்டி, ஊசியில்லாத சிரிஞ்சு, இலாகா புதிதாகக் கொடுத்த கைப்பேசி.

"மருந்து ஊத்தற மாதிரி படம் அனுப்பினாத்தான் பதிவாகும். தலையை நல்லா அண்ணாத்திப் பிடி. ரெண்டு கண்ணும் தெரியணும்."

"ஐயா, அண்ணாத்தி ஊத்தினா மருந்து நுரையீரலுக்குப் போய் மூச்சடைச்சிடும். தலை மட்டமா இருக்கணும், கடைவாய்ல கொஞ்சங்கொஞ்சமா விடணும்."

"நீ சொல்றது வைத்தியம். நான் சொல்றது நடைமுறை."

"எடையாவது பாருங்க. இது நாலு கிலோ, அது பன்னெண்டு கிலோ."

"எல்லாம் எட்டு கிலோன்னு சுற்றறிக்கை சொல்லுது. உன் குட்டிங்கதான் அதை மதிக்கலை."

ஆட்டுக்காரி சின்னதை மார்போடு அணைத்துக்கொண்டு நகர மறுத்தாள். அதிகாரிக்கும் ஈரமனசு உண்டு. யோசித்தார்.

"சரி, மனிதாபிமான அடிப்படையில் ஒண்ணு பண்ணலாம். வெறும் சிரிஞ்சை வாயில வெச்சுப் படம் எடுத்துடறேன். மருந்தை அப்புறம் உன் இஷ்டப்படி ஊத்திக்கோ."

மகராசன் என்று வாழ்த்தி, அவளே ஒவ்வொரு குட்டியாகத் தலையைத் தூக்கிக் காட்டினாள். சின்னதின் படம்தான் பிரமாதமாக வந்தது. முகம் வற்றிப்போனதில் கண் பெரிதாகத் தெரிந்தது. உடனே சான்றிதழ் அச்சாகி வெளியே வந்தது: 'மேற்படி மந்தை முற்றிலும் புழுவற்றதாக அறிவிக்கப்படுகிறது.'

"மருந்து, ஐயா?"

"எதுக்கு?"

"புழுவுக்கு."

"புழு இல்லைன்னு கையெழுத்துப் போட்டு இப்பத்தானே கொடுத்தேன்? இல்லாத புழுவுக்கு மருந்து கொடுத்தா என் வேலை போயிடும்."

"இது செத்துப்போயிடும் ஐயா!"

"எப்படிச் சாகும்? அதான் சான்றிதழ் இருக்கே."

மூன்றாம் நாள் அது செத்தது. அலுவலகப் பதிவேட்டில் இறப்புக்குக் காரணம் எழுதியாக வேண்டும். புழு என்று எழுத வழியில்லை. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதி மூடினார்கள்.

வீட்டுக்குப் பின்னால் அதைப் புதைக்க ஆட்டுக்காரி குழி தோண்டினாள். அந்த இலாகாவே மண்ணோடு மண்ணாகப் போகட்டும் என்று வாய்விட்டுச் சபித்தாள். அப்போது நாத்தனார் வந்து கூடவே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, அந்தச் சான்றிதழைக் கொஞ்சம் தர்றீங்களா? அதைக் காட்டினா சந்தையில குட்டிங்க உடனே போயிடுதாம்."

"உன் குட்டிங்களுக்கு மருந்து கொடுத்தியா?"

"எதுக்கு அண்ணி? அதான் சான்றிதழ் இருக்கே."

ஆட்டுக்காரி அவளை முறைத்துப் பார்த்தாள். எழுந்து போய்க் கை மண்ணைக் கழுவினாள். பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த சான்றிதழை எடுத்து நீட்டினாள்.

"கசக்கிடாதே. நாளைக்குக் காலையிலேயே கொண்டாந்துடு. மிச்சம் பதினொண்ணையும் நான் விக்கணும்."