அளவெடுத்த அன்று நடந்த நடை

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அந்த யாவரில் என் இடது முட்டியும் சேர்த்தி என்று எழுதும் பாக்கியம் எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் கிடைத்தது. ஆகையால் எனக்காகத் தங்கள் வீட்டுக் கீழ் அறையைக் காலி செய்ய வேண்டாம். லிஃப்ட் இல்லாவிட்டாலும் இந்த நாலாவது மாடியை நான் விடுவதாக இல்லை.

நடந்தது இதுதான். என் மகள் யந்திரக் கால்தாங்கி செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள் அல்லவா, எனக்கும் ஒன்று செய்தாள். தொடையிலிருந்து கணுக்கால் வரை வரும். முட்டியருகே சின்ன மோட்டார். ஆளுக்கு ஆள் காலை அளந்து, நடையைப் பதிவு செய்து, அந்த நடைக்குத் தகுந்தபடி மோட்டாரைப் பழக்குவார்கள். அளவெடுத்த அன்று என் காலில் பொட்டுப் பொட்டாக எதையோ ஒட்டிவிட்டு, "அப்பா, வீட்ல எப்படி நடப்பீங்களோ அப்படியே நடங்க" என்றாள். எதிரில் அவளுடைய மேலதிகாரி, கூட இன்னும் ஆறு பேர். மகள் வேலை செய்யும் இடத்தில் நொண்டிக் காட்ட எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, பரிசு வாங்க மேடையேறுகிறவன் போல மூன்று முறை நடந்தேன். வலியில் உயிர் போயிற்று.

யந்திரம் அந்த நடையை நம்பிவிட்டது. மாட்டிய நாள்முதல் குளியலறைக்குப் போனாலும் விறைப்புதான், வேகம்தான். தெருவில் ஒரு சவ ஊர்வலம் போயிற்று. மரியாதைக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன், பத்து அடி எடுத்து வைப்பதற்குள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டேன். இறந்தவரின் மகன் பார்த்த பார்வையை மறக்க முடியாது. மாடிப்படியிலோ அது ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, இரண்டாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "என் கணக்குலதான்பா எங்கேயோ தப்பு" என்று அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குட்டை உடைத்தவர் மகளின் பட்டறையில் தாங்கிக்குப் பட்டை தைக்கும் தையற்கார அம்மாள். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷமா அளவெடுக்கிறேன் சார். டேப்பை எடுத்ததும் வயித்தை உள்ள இழுத்துக்குவாங்க, அப்புறம் சட்டை பத்தலைன்னு சண்டைக்கு வருவாங்க. நீங்க எதை மறைச்சீங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்த மகள் சிரித்துவிட்டாள். "நல்லா நொண்டுங்கப்பா, எனக்கு அதுதான் வேணும்." மனதார நொண்டினேன். அந்த நடையைப் பதிவு செய்து மோட்டாரை மறுபடி பழக்கினாள். நேற்று நாலு மாடியும் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். மேலே வந்ததும் நிம்மதியில் கொஞ்ச நேரம் அழுதேன்.

தங்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். யாரிடம் அளவு கொடுத்தாலும் மூச்சை இயல்பாக விடும்படி அவர்களுக்குச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தங்கை கணவன்

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் தங்கள் தங்கை இதை வாங்கிப் படித்தாள். "எட்டு மாசமா மருந்து, காய்கறி, தண்ணி கேன்னு அத்தனையும் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறினவ நான். என் முட்டியை ஒருத்தராவது அளந்தீங்களா?" என்றாள். இப்போது மகள் டேப்போடு அவள் காலடியில் உட்கார்ந்திருக்கிறாள். தாங்கி தயாராக இரண்டு மாதம் ஆகுமாம். கீழ் அறையைத் தயவுசெய்து காலி செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வருகிறேன். பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன்.